இரண்டு ஓடைகளும் ஒரு சாக்கு ரப்பர்க் கொட்டையும்

லுக்குட் கடைத்தெருவைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறேன். பின்னால் யாரும் ஓடிவந்து கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று உறுதியான பிறகு நடையைக் கொஞ்சம் தளர்த்தினேன். நண்பர் ஒருவருடைய பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. பரிசளிப்பு தொடங்குவதற்குள் நழுவிவிட்டேன். பாதியில் எழுந்து போவது எனக்குப் பழைய வழக்கம். பள்ளிக்கூடத்தை விட்டும் அப்படித்தான் போனேன், ஐந்தாம் வகுப்பில்.

கண்காட்சியில் ஒரு மேசைமேல் மலை இருந்தது. பிளாஸ்டரில் செய்து பச்சை அடித்திருந்தார்கள். நீலக் கோடுகள் ஆறுகள். ஒரு பெண் என் கையில் குவளையைக் கொடுத்து, "தாத்தா, உச்சியிலே ஊத்துங்க. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க" என்றாள். ஊற்றினேன். பெயிண்ட் புதிது போலிருக்கிறது. தண்ணீர் நீலக் கோட்டை மதிக்காமல் உருண்டு என் செருப்பில் விழுந்தது. அவள் அசரவில்லை. "உங்க காலத்துல இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க லா" என்றாள்.

நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை வருஷம், ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். செருப்பில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரப் பிளாஸ்டரின் வாசனை சேற்றின் வாசனை இல்லைதான். ஆனாலும் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி ஒரு ஜாடை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பஸ் நிறுத்தம் இன்னும் தூரம்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். அதற்கு முன் தெமியாங்கில் ஒரு சைக்கிள் கடையில் இருந்தேன். டயர் கிடைக்காத காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டுவோம். அதில் போகிறவன் வீடு சேர்ந்ததும் இரண்டு மணி நேரம் உட்காரமாட்டான். பிறகு பட்டாளத்துக்காரர்கள் வந்து சைக்கிள்களையே எடுத்துப் போய்விட்டார்கள். சைக்கிள் இல்லாத சைக்கிள் கடையில் எனக்கு வேலை இல்லை. நடந்தேன்.

சுவாவுக்கு உட்புறம் ஒரு எஸ்டேட். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டான், ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணிதான் எல்லாம். ஆபீஸ் வாசலில் நின்ற என்னைக் கிராணி மேலும் கீழும் பார்த்தார்.

"எதுவரைக்கும் படிச்சே?"

"ஏழு."

"சர்ட்டிபிகேட்?"

"குண்டு போட்டப்ப எரிஞ்சு போச்சுங்க."

அந்த வருஷங்களில் குண்டில் எரிந்துபோன சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் கணக்கெடுத்தால், போருக்கு முன்னால் இந்த நாட்டில் படிக்காதவனே இருந்திருக்க முடியாது. கிராணிக்கும் அது தெரியும். ஆனால் அவருக்கு அவசரம். இருந்த வாத்தியாரை, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோய்விட்டார்கள். எஸ்டேட்டில் பாதி ஆண்கள் அந்த லாரிகளில்தான் போனார்கள். மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் நிற்கவேண்டும். எந்த வாத்தியார் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை.

காலையில் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்துக் குனிய வேண்டும். பிறகு ஜப்பானிய மொழியில் எண்ணி உடற்பயிற்சி. எனக்கு ஐந்து வரைதான் எண்ணத் தெரியும். எங்கள் பிள்ளைகள் ஐந்துக்கு மேல் எதற்கும் குனிந்ததில்லை. அதன்பிறகு பாடம். பழைய புத்தகங்களில் வெள்ளைக்கார ராஜா படம் இருந்ததால் அந்தப் பக்கங்களை மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசையைக் கரப்பான் தின்றுவிட்டது. ராஜா மறுபடி வெளியே வந்துவிட்டார். பயந்துபோய்க் கிராணி புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆக, புத்தகம் இல்லை, ஸ்லேட்டு பாதிப் பேருக்கு இல்லை, எனக்கோ ஐந்தாம் வகுப்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன நடத்துவது?

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சைக்கிள் கடைக்கும் முன்னால், ஒரு நில அளவைக்காரரிடம் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக நடந்திருக்கிறேன். அவர் பேசமாட்டார். ஒருமுறை உச்சியில் நின்று ஒன்றுக்குப் போனபோது மட்டும், இந்தப் பக்கம் விழுகிற மழை லிங்கி ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுகிற மழை லுக்குட் கடலுக்கு, நடுவிலே இருப்பது மலையின் முதுகு, அதுதான் தண்ணீரைப் பிரிக்கிறது என்றார். என் அறிவியல் முழுவதும் அவ்வளவுதான். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் சேற்றால் ஒரு மலை கட்டினோம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. சிரட்டையில் தண்ணீர் மொண்டு உச்சியில் ஊற்றினால் இரண்டாகப் பிரிந்து ஓடும். பிள்ளைகளுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. குச்சிகளை நட்டு இது நம்ம லயம், இது கோயில், இது ஸ்டோர் என்றார்கள். அப்போதுதான் பொன்னி கேட்டாள்.

"வாத்தியாரே, அப்ப நம்ம தண்ணி எங்கேருந்து வருது?"

தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்போம். அங்கே இரண்டு லயங்கள். ஒன்றுக்குப் பெயர் மேல் லயம், மற்றதற்குக் கீழ் லயம். நிலத்தின் உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. கீழ் லயம் மேட்டில் இருந்தது, மேல் லயம் பள்ளத்தில். சாதியைப் பார்த்து வைத்தது. அதேபோல ஓடையும் இரண்டு. பெரிய ஓடையில் மேல் லயத்துக்காரர்கள் தண்ணீர் அள்ளுவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பதும் அங்கேதான். சின்ன ஓடை கீழ் லயத்துக்கு. இரண்டும் கோயிலுக்குக் கீழே போய்ச் சேர்ந்துகொள்ளும். அதற்குக் கீழே யாரும் அள்ளமாட்டார்கள். இந்தப் பங்கீட்டை யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் செத்துப்போனவர்களைச் சொன்னார்கள்.

வகுப்பிலும் அப்படித்தான். முன்வரிசையில் மேல் லயம், பின்வரிசையில் கீழ் லயம். பொன்னி பின்வரிசை. முன்வரிசையில், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியின் பேரன் முத்து இருந்தான். அவன் திரும்பிப் பார்த்து, "பெரிய ஓடை முனியாண்டி குன்றுலேர்ந்து வருது. தாத்தா சொல்லியிருக்காரு. உங்க ஓடை அந்தாண்டை சகதியிலேர்ந்து வருது" என்றான்.

"நீ போய்ப் பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? தண்ணியோட அளவைப் பாத்தாலே தெரியலே?"

எனக்குத் தெரியவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ அதட்டியிருப்பேன். ஆனால் சாயங்காலம் யோசித்துப் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. கீழ் லயத்துக்காரர்கள் பெரிய ஓடையில் கரகம் ஜோடிக்கிற இடத்துக்கு மேலே போகக்கூடாது. மேல் லயத்துக்காரர்கள் சின்ன ஓடைப் பக்கமே போகமாட்டார்கள். அதனால் அந்த எஸ்டேட்டில் இரண்டு ஓடையையும் முழுக்க நடந்து பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. போர் வந்த பிறகு களை வெட்டுவதும் நின்று, ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதர் ஆளுயரம் வளர்ந்திருந்தது.

இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் அடுத்த நாள் வேறு பாடத்துக்குப் போயிருப்பேன். மேல் லயத்தில் அப்போது சீதபேதி. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாகிவிட்டது. முத்துவின் தங்கை, இன்னும் பல் முளைக்காத குழந்தை, வயிறு போய்ப்போய்க் கண் குழிந்து கிடந்தது. எஸ்டேட் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸரிடம் மருந்து கிடையாது. கரித்தூளும் கொய்யா இலைக் கஷாயமும் கொடுத்தார். போன வருஷம் திருவிழா நடத்தாததால் ஆத்தாவுக்குக் கோபம் என்று மேல் லயத்தில் பேச்சு. கீழ் லயத்தில் ஒருவருக்கும் வரவில்லையே என்று அடுத்த பேச்சு. அவர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்பது மூன்றாவது பேச்சு. மூன்றாவது பேச்சு வந்தால் எஸ்டேட்டில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் அம்மா ஒரு லயம், அப்பா இன்னொரு லயம். நாங்கள் வளர்ந்த எஸ்டேட்டில் இரண்டு லயத்திலும் எங்களுக்கு வீடு இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகை.

ரப்பர்க் கொட்டை வெடிக்கிற பருவம் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நல்ல வெயிலில், ஆளில்லாத தோட்டத்தில், யாரோ சொடக்குப் போடுவதுபோல் அங்கே ஒன்று இங்கே ஒன்று. வழவழவென்று புள்ளி போட்ட கொட்டை. பையன்கள் அதைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்பார்கள். அந்தக் காலத்தில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்துத் தின்னவும் செய்தோம். அவசரப்பட்டவர்களுக்குத் தலை சுற்றும். முக்கியமான விஷயம், அது மிதக்கும்.

ஒரு சாக்குக் கொட்டை பொறுக்கச் சொன்னேன். ரப்பர்ப் பால் வெட்டுகிற கத்தியால் பாதிக் கொட்டைகளில் ஒரு கீறல், மீதிப் பாதியில் சிலுவைபோல் இரண்டு கீறல். குன்றின்மேல் ஊற்று இருந்தால் அதில் இரட்டைக் கீறலைப் போடுவது. முதுகைத் தாண்டிப் பின்பக்கம் ஓடை இருந்தால் அதில் ஒற்றைக் கீறல். கீழே இரண்டு ஓடையிலும் தண்ணீர் அள்ளுகிற இடத்தில் பிள்ளைகள் கூடையோடு காத்திருந்து, எது எங்கே வருகிறது என்று பார்ப்பது.

குன்றேறுவதற்கு முதல்நாளே பொன்னியின் அம்மா அஞ்சலை வந்துவிட்டாள். புருஷன் சயாமில். தலையில் தண்ணீர்த் தகரத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"எங்க ஓடையிலே என்னமோ ஆராய்ச்சியாமே, வாத்தியாரே?"

"பாடந்தான்க்கா."

"நல்லது. பாடம் முடிஞ்சதும் ஓடையை இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போயிடுங்க. எங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பத்துப் பிள்ளைகளோடு குன்றேறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை இடுக்கில் ஊற்று இருந்தது; முழங்கையளவு தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. முத்து இரட்டைக் கீறல் கொட்டைகளைத் தன் கையால்தான் போடுவேன் என்றான். அவனுடைய ஓடை பிறக்கிற இடம் அல்லவா. போட்டான். பிறகு முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினோம். புதர் குறைந்தது. கீரைப் பாத்திகள் தெரிந்தன. அடுத்து வாசனை வந்தது. அதற்கும் அடுத்துத்தான் பன்றிகளைப் பார்த்தோம்.

பட்டணத்தில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஓடிவந்த ஒரு சீனக் குடும்பம். பெரியவரை ஆ லிம் என்று கூப்பிடச் சொன்னார். பன்றிக்கூண்டு ஓடைக்கு மேலேயே நின்றது. கழுவிவிட வசதி. அவர்களுடைய கக்கூசும் பக்கத்திலேயே, அதே வசதிக்காக. அந்த ஓடை எங்கள் எஸ்டேட்டுக்கு எதிர்த்திசையில்தான் ஓடியது. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. முத்து ஒற்றைக் கீறல் கொட்டைகளை அலட்சியமாக வீசினான். ஆ லிம் ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"பாவா ஆடா ஓராங்?" என்றார். கீழே ஆட்கள் இருக்கிறார்களா என்று. குன்றுப் பக்கத்து மரங்களில் பால்வெட்டு நின்றுவிட்டதால் எஸ்டேட்டே காலி என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அவர் இருப்பதை அறியோம். அவர் நாங்கள் இருப்பதை அறியார். நடுவில் தண்ணீர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டு மட்டும் இருந்தது.

நாங்கள் இறங்கி வந்தபோது பெரிய ஓடைக் கரையில் நின்ற பிள்ளைகள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். எல்லாம் ஒற்றைக் கீறல். சின்ன ஓடையில் காத்திருந்த பொன்னியின் மடி நிறைய இரட்டைக் கீறல். பின்பக்கம் ஓடுவதாகத் தெரிந்த அந்த ஓடை குன்றை வளைத்துக்கொண்டு சுற்றிவந்து எங்கள் பெரிய ஓடையாகியிருக்கிறது. முனியாண்டி குன்றின் ஊற்று, யாரும் மதிக்காத சின்ன ஓடைக்கு.

முத்து ஒரு கொட்டையை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான்.

"நீதான போட்டே?" என்றாள் பொன்னி.

"நான்தான் போட்டேன்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு மேல். இந்த மாதிரி விஷயத்தை ரகசியமாக வைக்கிற தொகை அல்ல. மறுநாள் விடிகிற பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கங்காணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெற்றிலைக்குப் பதிலாக ஏதோ இலையை மென்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா வாத்தியாரு. பன்னின்னு சொல்றானே பேரன்."

"ஆமாங்க."

"நெசமாவே பன்னியா?"

"பன்னியும், ஆளுங்களும்."

மென்ற இலையைத் துப்பினார். "ஆத்தாளுக்கு அந்தத் தண்ணியிலயா இத்தினி நாளா கரகம் ஜோடிச்சோம்" என்றார். போருக்கு முன்னால் பன்றி இல்லை என்று ஆறுதல் சொன்னேன். அவர் அதற்குள் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார். காரியக்காரர்.

"சரி. நாளையிலேர்ந்து நாங்க சின்ன ஓடையிலே அள்ளிக்கிறோம். மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டா ஆச்சு."

"அவங்க?"

"யாரு?"

"கீழ் லயத்துக்காரங்க."

"அவங்களுக்குத்தான் பெரிய ஓடை சும்மாக் கெடக்குதே" என்றார். கேலி இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட திருப்திதான் முகத்தில் இருந்தது. கிராணியும் தலையாட்டினார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் அதுவரை, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பாறையும் பள்ளமும் தீர்மானிக்கின்றன என்றுதான் நடத்திக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை மறுபடி வந்தாள். இந்தமுறை தகரம் காலியாக இருந்தது.

"பாடம் முடிஞ்சுதா, வாத்தியாரே? இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். நெருப்புப்பெட்டி கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். ஒரு வீட்டில் நெருப்பு வைத்திருந்து ஏழு வீடு வாங்கிப்போகும். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. "காச்சினா பன்னி போயிடுமா? உள்ளேதான வெந்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.

வழி சொன்னது பொன்னி. எனக்கு இல்லை, அவள் அம்மாவுக்கு. "அவங்க ஓடையிலதான அள்ளப்போறாங்க? ஊத்து மேல இருக்கும்மா. மேலயே புடிச்சுட்டா?"

கீழ் லயம் மேட்டில் இருந்தது என்றேனே. ஊற்று அதைவிட உயரம். ஆண்கள் இல்லாத லயம். பெண்கள் மூங்கில் வெட்டினார்கள், பிளந்தார்கள், கணுக்களைத் தட்டி எடுத்தார்கள், கவட்டைக் கொம்புகளை நட்டு அதன்மேல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டே வந்தார்கள். எங்கே தாழ்கிறது எங்கே உயர்கிறது என்று பார்த்துச் சொன்னவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். முத்துவும் கத்தியோடு போயிருக்கிறான். நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆளே இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேலிடத்து ஆள் வந்தால் வாத்தியார் நிற்கவேண்டுமே.

லயத்து முற்றத்தில் மூங்கில் வாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியதும், சின்ன ஓடை மெலிந்தது. மழையும் இல்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்த இடத்தில் கணுக்காலளவு சேறுதான் மிச்சம். மேல் லயத்துப் பெண்கள் குழி பறித்துச் சிரட்டையால் வழித்து எடுத்தார்கள். கங்காணி என்னை அனுப்பினார். "அதைப் பிரிச்சுப் போடச் சொல்லு. நீ கௌப்பிவிட்ட வெனைதான இது."

போய்ச் சொன்னேன். அஞ்சலை இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள். "பிரிச்சுக்கச் சொல்லுங்க. அதோ, வளைஞ்சு நிக்கிதே அந்த மூங்கிலு, அது கங்காணி பேரன் வெட்டுனது. அதுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க." கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் இடுப்பில் பால் வெட்டுகிற கத்தி இருந்தது. வேலை நேரத்தில் எப்போதும் இருப்பதுதான். கங்காணியிடம் வந்து, அவர்கள் யோசிப்பதாகச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை கங்காணியின் மகள் சரசு வந்தாள். முத்துவின் அம்மா. ஒரு கையில் குழந்தை, தலையில் மண்ணெண்ணெய்த் தகரம். கீழ் லயத்து முற்றத்தில் மேல் லயத்துப் பெண் காலெடுத்து வைத்ததை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மூங்கில் வாயில் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"என்ன சரசு, வழி தவறிட்டியா?" என்றாள் அஞ்சலை.

"புள்ளைக்குத் தண்ணி வேணும்."

"உங்கப்பாரு அனுப்பிச்சாரா?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தான் என்ன, என்னையும் சயாமுக்கு அனுப்பிடுவாரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலை குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அழவில்லை. அழுகிற நிலையெல்லாம் தாண்டிவிட்டது.

"வரிசையிலே நில்லு. இங்க கங்காணி மவளுக்குன்னு தனி வரிசை கெடையாது."

சரசு நின்றாள். அவள் முறை வந்ததும், பழக்கதோஷம், எல்லோரும் தானாகவே நாலடி விலகிக்கொண்டார்கள். அஞ்சலையும்தான். சரசு ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் தகரத்தைப் பிடித்தாள். பாதி நிறைந்ததும் அது சரிய ஆரம்பித்தது.

"பிடிங்கக்கா, விழப்போகுது" என்றாள்.

அஞ்சலை பிடித்தாள். தகரம் நிறைகிறவரை கையை எடுக்கவில்லை. பிறகு, "நாளைக்குச் சீக்கிரம் வா, வெயில்லே புள்ளையத் தூக்கிட்டு அலையாதே" என்றாள் அஞ்சலை. சரசு தலையில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் வரிசை நீண்டுவிட்டது. யாரும் கங்காணியிடம் சொல்லவில்லை. அவரும் தன் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. குடித்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. பல்லும் முளைத்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். திருவிழாவுக்குக் கரகம் மட்டும் பழையபடி பெரிய ஓடையில்தான் ஜோடித்தார்களாம். ஆத்தாவுக்குப் பழகிய இடம்.

தண்ணீரை நிறுத்த முடியவில்லை. வாத்தியாரை நிறுத்த முடிந்தது. கிராணி கூப்பிட்டு, "சர்ட்டிபிகேட் எரிஞ்சுதுன்னியே, எந்தத் தெருவிலே?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே புரிந்தது. பிள்ளைகள் குன்றில் அலைகிறார்கள், எல்லைகளைக் கண்டுபிடிக்கிறார்கள், மேலிடத்துக்குத் தெரிந்தால் ஆபத்து என்றார். அதுவும் பொய்யில்லை. என் துணி ஒரு சாக்குக்குள் அடங்கியது. அஞ்சலை இரண்டு மரவள்ளிக் கிழங்கு கொடுத்தாள். பொன்னி, இன்னொரு மலையும் கட்டட்டுமா என்று கேட்டாள். கட்டு என்றேன்.

அந்தக் குன்றில் பாதி இப்போது இல்லை. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. லயங்கள் இரண்டும் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஊற்று இருந்த பாறையை உடைத்து ரோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு ஓடைகளையும் ஒரே சிமெண்டுக் குழாயில் விட்டு மூடி, மேலே கார் நிறுத்துகிறார்கள். எது பெரிய ஓடை எது சின்ன ஓடை என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை; யாருக்கு எது என்று கேட்கவும் ஆள் இல்லை. வெயிலில் கொட்டை வெடிக்கிற அந்தச் சத்தத்தை மட்டும் நான் வேறெங்கும் கேட்கவில்லை. பொன்னி எங்கே போனாள் என்றும் தெரியவில்லை.

அன்று எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியவன் ரோட்டுப் பக்கம் போகவில்லை. ரோட்டில் லாரிகள் நின்றன. சயாமுக்கு ஆள் போதவில்லை என்று பேச்சு. குன்றேறி, முதுகைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினேன். ஆ லிம் என்னைப் பார்த்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று வீட்டுக்காரியிடம் சொன்னார். கீரைக் கஞ்சி கொடுத்தார்கள். கீழே ஆள் இருப்பது தெரிந்ததிலிருந்து தனக்குத் தூக்கம் சரியில்லை என்றார். மறுநாள் காலை என் கையில் மண்வெட்டி இருந்தது. கூலி, தினம் இரண்டு வேளைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஓடையிலிருந்து தள்ளி இரண்டு குழி வெட்டவேண்டும், மனிதர்களுக்கு ஒன்று, பன்றிகளுக்கு ஒன்று. மனிதர்களுடையதை முதலில் வெட்டட்டுமா என்று கேட்டேன். பன்றிகள்தான் அதிகம் என்றார் ஆ லிம். நியாயமாகப் பட்டது. பன்றிகளிலிருந்து தொடங்கினேன்.